காலிக் கட்டம்: 'நல்' சோதிக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் தாய்மாமாவுக்கு ஒரு கமிஷன் கடை இருக்கிறது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் கொண்டுவரும் மல்லியை எடை போட்டு விற்றுக் கொடுப்பது அவர் தொழில். கல்லூரி முடித்த புதிதில், அவருடைய பேரேட்டைக் கணினிக்கு மாற்றித் தருவதாக வாயைக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் நிரல் தயாராகிவிட்டது. முதல் அறிக்கையை வாங்கிப் பார்த்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "மாப்பிள்ளை, நான் எந்தக் காலத்தில் மல்லியைச் சும்மா அள்ளிக் கொடுத்தேன்?"

ஐந்து நாள் விலை, கிலோவுக்கு 600, 700, காலி, 800, 900. மூன்றாம் நாள் அடைமழை. மல்லி வரத்தே இல்லை என்பதால் மாமா அந்தக் கட்டத்தில் எதையும் எழுதவில்லை. நானோ, பிழைச்செய்தி வரக்கூடாது என்பதற்காகக் காலிக் கட்டங்களையெல்லாம் ஒரே வரியில் பூஜ்யமாக்கி வைத்திருந்தேன். சராசரி 750 வரவேண்டிய இடத்தில் 600 வந்து உட்கார்ந்துகொண்டது. நிரல் நிற்கவும் இல்லை, முணுமுணுக்கவும் இல்லை. இதையே எக்செலில் தட்டி ஆவரேஜ் போட்டிருந்தால், அது காலிக் கட்டத்தைத் தாண்டிப் போய் 750 என்று சரியாகவே சொல்லியிருக்கும். பொறியியல் படித்த எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

அந்தக் காலிக் கட்டத்துக்குத்தான் நிரல்மொழிகளில் 'நல்' என்று பெயர். தமிழில் எழுதினால் நல்வரவு, நல்வாழ்வு என்று நல்லதைத்தான் நினைவூட்டும். பழகிப் பார்த்தால் தெரியும் அதன் குணம். இனி வரும் நிரல்வரிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் தட்டும்போது அந்தந்த மொழியின் எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். குறிகள் எல்லாம் அப்படியே.

முதல் படி: எந்தக் காலி?

சோதனை வரியை எழுத அரை நிமிடம் போதும். அதற்கு முன், எதைச் சோதிக்கிறோம் என்று தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நான்கு வேறு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பூஜ்யம் என்பது ஒரு மதிப்பு. பூ வந்தது, தராசில் வைத்தோம், அத்தனையும் நனைந்து அழுகியிருந்தது, விற்றது 0 கிலோ. இது முழுமையான தகவல்.

வெற்றுச் சரமும் ஒரு மதிப்புதான். நிரலாக்கத்தில் எழுத்துகளின் தொடரைச் சரம் என்கிறோம். மதுரைக்காரர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது. கையில் வாழைநார் இருக்கிறது, பூ ஒன்றுகூடக் கட்டவில்லை என்றால் அது வெற்றுச் சரம். நாரே கையில் இல்லையென்றால் அது நல். நாரை அளந்து பார்த்தால் பூக்களின் எண்ணிக்கை 0 என்று வரும். இல்லாத நாரை எப்படி அளப்பது? அளக்கப் போனால் நிரல் விழும்.

நான்காவது, கட்டமே இல்லாமலிருப்பது. பேரேட்டில் மல்லிக்கு ஒரு பத்தி இருக்கிறது, பிச்சிக்கு ஒரு பத்தி இருக்கிறது. தாழம்பூவுக்குப் பத்தியே போடவில்லை. கட்டம் இருந்து காலியாக இருப்பதும், கட்டமே போடாததும் ஒன்றல்ல. ஜாவாஸ்கிரிப்ட் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறது.

இன்னொரு சிக்கல், நல் ஒன்றுக்கே பல பொருள் உண்டு. வரத்து இல்லாததால் விலை இல்லையா, விலை இருந்தும் பையன் எழுத மறந்துவிட்டானா, இன்னும் விலையே முடிவாகவில்லையா? கணினிக்கு மூன்றும் ஒரே காலிதான். தரவைக் கொடுத்தவரிடம் கேட்டால் மட்டுமே இது தெரியும். கேளுங்கள்.

நல் சுட்டியை, அதாவது நினைவகத்தில் எந்த இடத்தையும் காட்டாத சுட்டியை, கொண்டுவந்தவர் டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் கணினி அறிஞர். 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியை வடிவமைக்கும்போது, செய்வது சுலபமாக இருந்ததால் சேர்த்துவிட்டதாக 2009இல் லண்டனில் ஒரு மாநாட்டில் அவரே சொன்னார். அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றும் சொல்லிக்கொண்டார். நம் தவறு சராசரியில் நூற்றைம்பது ரூபாயோடு போயிற்று.

இரண்டாம் படி: உங்கள் மொழியில் எப்படிக் கேட்பது

தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் தொடங்குகிறேன். எந்த மொழியில் வேலை பார்த்தாலும் கடைசியில் ஒரு தரவுத்தளத்தில் போய்த்தான் முட்டுவீர்கள். இங்கேதான் வழுக்கலும் அதிகம். கீழே வரும் 'வேர்' மரத்தின் வேர் அல்ல; எந்த வரிசைகள் வேண்டும் என்று நிபந்தனை சொல்லும் ஆங்கிலச் சொல்.

வேர் விலை = நல்

இப்படி எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது; ஒரு வரிசையும் வராது. காரணம், எஸ்கியூஎல்லில் ஆம், இல்லை என்ற இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவது விடை ஒன்று இருக்கிறது. விலை என்னவென்று தெரியாத இரண்டு கூடைகளைக் காட்டி, இரண்டும் ஒரே விலையா என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? ஆகவே நல்லும் நல்லும் சமமா என்றாலும் விடை 'தெரியாது'. வேர் வரியோ 'ஆம்' வந்தால் மட்டும்தான் உள்ளே விடும். சரியான முறை இது:

வேர் விலை இஸ் நல்
வேர் விலை இஸ் நாட் நல்

எண்ணும்போதும் கவனம் வேண்டும். கவுன்ட்(*) எல்லா வரிசைகளையும் எண்ணும். கவுன்ட்(விலை) என்றால் விலை உள்ளவற்றை மட்டும். நம் ஐந்து நாள் கணக்கில் முதலாவது 5, இரண்டாவது 4. ஏவிஜி(விலை) நல்லை விட்டுவிட்டுச் சராசரி எடுப்பதால் 750 தரும். அதற்கு நடுவில் புகுந்து கோஅலெஸ்(விலை, 0) என்று போட்டால் 600 ஆகிவிடும். நான் செய்த அதே கூத்து. கோஅலெஸ் கெட்டதல்ல, தன்னிடம் கொடுத்தவற்றில் நல் அல்லாத முதல் மதிப்பைத் திருப்பித் தரும் நல்ல வேலைக்காரன்தான். பூஜ்யம் பொருந்தாத இடத்தில் பூஜ்யத்தை அதன் கையில் கொடுத்தது நாம். எல்லாமே நல்லாக இருக்கும் நெடுவரிசைக்குச் சம் (கூட்டுத்தொகை) போட்டால் வருவது 0 அல்ல, நல். இதையும் மனத்தில் வையுங்கள்.

என்னை ஒரு ராத்திரி முழுவதும் தூங்கவிடாத வரி வேறு. இன்னும் பணம் வாங்காத விவசாயிகள் யார் என்று மாமா பட்டியல் கேட்டார். விவசாயிகள் அட்டவணையில் உள்ள எண், பட்டுவாடா அட்டவணையில் இல்லாதவர்களை எடு என்று நாட் இன் போட்டு எழுதினேன். பட்டியல் காலியாக வந்தது. எல்லோருக்கும் பணம் போய்விட்டது போலிருக்கிறதே என்று மாமாவுக்கு மகிழ்ச்சி. மறுநாள் காலையில் மூன்று பேர் கடை வாசலில் நின்றார்கள். பட்டுவாடா அட்டவணையில் ஒரே ஒரு வரிசையில் விவசாயி எண் எழுதாமல் விடப்பட்டிருந்தது. நாட் இன் பட்டியலில் ஒரு நல் இருந்தாலும், மற்ற எண்களோடு ஒப்பிட்டு முடித்தபின் அந்த நல்லோடு ஒப்பிடும் இடத்தில் 'தெரியாது' வந்துவிடும். யாருக்கும் 'ஆம்' கிடைக்காது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. நாட் இன்னுக்குள் அடைப்புக்குறியில் வரும் உள் வினவலில் இஸ் நாட் நல் சேர்த்தாலும் சரிதான். எனக்கு முன்னதே பிடிக்கும், சேர்க்க மறக்க வாய்ப்பில்லை.

ஆரக்கிள் தரவுத்தளம் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வெற்றுச் சரத்தையும் நல்லாகவே எடுத்துக்கொள்வார்கள். நாருக்கும் நாரில்லாமைக்கும் வித்தியாசம் பார்க்காத கடை அது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் பார்க்கும்.

பைத்தானில் நல்லின் பெயர் நன். கேட்கும் முறை:

இஃப் விலை இஸ் நன்:

இரட்டைச் சமக்குறி போட்டாலும் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் சமம் என்றால் என்ன என்பதை ஒவ்வொரு வகுப்பும் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ள முடியும். இஸ் என்பதை யாராலும் மாற்ற முடியாது. பைத்தானின் நடை விதிகளைச் சொல்லும் பெப் 8 ஆவணமும் இஸ் போடவே சொல்கிறது. பலரும் சுருக்கமாக

இஃப் நாட் எடை:

என்று எழுதுவார்கள். இதில் நன், 0, வெற்றுச் சரம், வெற்றுப் பட்டியல் எல்லாம் ஒரே வலையில் விழும். அழுகிப்போன கூடையின் 0 கிலோவும் 'எழுத மறந்துவிட்டது' என்று கணக்காகிவிடும். எண் உள்ள இடத்தில் இந்தச் சுருக்கத்தைத் தொடாதீர்கள்.

புதியவர்களுக்கு நன் எங்கிருந்து வருகிறது என்பதே புரிவதில்லை. பாதி நேரம் இங்கிருந்துதான்:

பட்டியல் = பட்டியல்.சார்ட்()

சார்ட் இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிட்டு நன் என்று திருப்பித் தரும். நீங்கள் அந்த நன்னை எடுத்துப் பட்டியலின் மேலேயே எழுதிவிட்டீர்கள், பட்டியல் போயிற்று. ரிடர்ன் எழுத மறந்த ஃபங்ஷனும் இதையேதான் தரும்.

பைத்தானில் அட்டவணைக் கணக்குக்கு உதவும் பாண்டாஸ் நூலகத்தில் காலிக்கு இன்னொரு பெயர், நான். 'எண் அல்ல' என்பதன் சுருக்கம். இது தனக்கே சமமில்லாதது: நான் == நான் என்றால் விடை இல்லை என்று வரும். தத்துவம்போல் இருந்தாலும் தசம எண்களுக்கான பன்னாட்டுத் தரநிலை வகுத்த விதி அது. அதனால் இஸ்என்ஏ() போட்டே கேட்க வேண்டும். சராசரி எடுக்கும் மீன்() தானாகவே நானை விட்டுவிடும். என் தலையில் மண்ணைப் போட்டது, காலிகளை 0ஆல் நிரப்பும் ஃபில்என்ஏ(0) என்ற ஒற்றை வரி.

இந்த நூலகம் நம் ஊர்ப் பெயர்களை வைத்து ஒரு வேடிக்கையும் செய்யும். கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பைப் படிக்கும்போது 'என்ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள கட்டத்தைக் காலி என்று எடுத்துக்கொள்வது அதன் இயல்பு. நமக்கோ தாத்தா பெயருக்கு ஓர் எழுத்து, அப்பா பெயருக்கு ஓர் எழுத்து என்று முன்னெழுத்து போடும் வழக்கம். முன்னெழுத்துக்குத் தனிக் கட்டம் வைத்த கோப்பில் என்ஏ என்று இருந்த ஒரு விவசாயிக்கு, அறிக்கையில் முன்னெழுத்தே இல்லாமல் போனது. படிக்கும்போதே கீப் டிஃபால்ட் என்ஏ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் சரியாகும்.

ஜாவாஸ்கிரிப்டில் காலி இரண்டு வகை. கட்டம் இருந்து, வேண்டுமென்றே காலியாக வைத்தது நல். மதிப்பே கொடுக்காத மாறி, இல்லாத பண்பு இவையெல்லாம் அன்டிஃபைன்ட். மூன்று சமக்குறி இரண்டையும் பிரித்துப் பார்க்கும். இரண்டு சமக்குறி சேர்த்துப் பார்க்கும். இரண்டு சமக்குறியைத் தொடவே கூடாது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், இந்த ஓர் இடம் தவிர:

இஃப் (விலை == நல்)

இது நல், அன்டிஃபைன்ட் இரண்டையும் பிடிக்கும். 0ஐயும் வெற்றுச் சரத்தையும் விட்டுவிடும். டைப்ஆஃப் போட்டு நல்லைத் தேடாதீர்கள். அது 'ஆப்ஜெக்ட்' என்று பதில் சொல்லும். மொழி பிறந்த காலத்தில் வந்த பிழை. திருத்தினால் பழைய வலைத்தளங்கள் உடையும் என்பதால் அப்படியே கிடக்கிறது.

காலிக்குப் பதில் வேறு மதிப்பு கொடுக்க இரட்டைக் கோடு (||) போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. எடை || 10 என்றால் எடை 0 ஆக இருந்தாலும் 10 ஆகிவிடும். 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த இரட்டைக் கேள்விக்குறி நல்லையும் அன்டிஃபைன்டையும் மட்டும் பார்க்கும்: எடை ?? 10. அதோடு வந்த இன்னொன்று கேள்விக்குறியும் புள்ளியும்: விவசாயி?.வங்கி?.கிளை. நடுவில் எது காலியாக இருந்தாலும் விழாமல் அன்டிஃபைன்ட் தரும். வசதியானது, ஆனால் எல்லாப் புள்ளிக்கு முன்னும் கேள்விக்குறி போடுகிறவரைப் பார்த்தால், தன் தரவைப் பற்றி அவருக்கே எதுவும் தெரியவில்லை என்றுதான் நினைப்பேன்.

ஜாவாவில் விலை == நல் என்று நேராகக் கேட்கலாம்; பொறி எதுவும் இல்லை. கேட்காமல் நல்லைத் தொட்டால்தான் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் என்ற பிழையோடு நிரல் விழும். ஒரே வரியில் மூன்று புள்ளி வைத்து எழுதியிருந்தால், எது நல் என்று முன்பெல்லாம் தெரியாது. வரி எண் மட்டும் கிடைக்கும். ஜாவா 14இல் வந்து 15இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கிய மாற்றத்தால், இப்போது பிழைச்செய்தியே எது நல் என்று சொல்கிறது. பிழைச்செய்தியைக் கடைசி வரை படியுங்கள். புதியவர்கள் சிவப்பைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள்.

சரங்களை ஒப்பிடும்போது "மல்லி".ஈக்வல்ஸ்(பூ) என்று, நிச்சயமாக இருப்பதை முன்னால் வையுங்கள். பூ நல்லாக இருந்தாலும் விழாது. பெரிய எழுத்தில் தொடங்கும் இன்டீஜர் வகையில் நல் இருக்கும்போது அதைச் சாதாரண இன்ட்டில் போட்டால் விழும். அந்த வரியில் புள்ளியே இருக்காது, அதனால் கண்ணில் படாது. 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த ஆப்ஷனல் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் உறை), ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்புக்கு நல்லது. வாங்கியவுடன் யோசிக்காமல் கெட்() போடுகிறவர்களுக்கு அதனால் பயனில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி மொழியில் எஃப்ஓபன் கோப்பைத் திறக்க முடியாவிட்டால் நல் சுட்டி தரும். பார்க்காமல் படிக்கப் போனால் நிரல் அங்கேயே சாகலாம், சாகாமல் கண்டபடி நடந்துகொள்ளவும் செய்யலாம். சி++இல் 2011 முதல் நல்பிடிஆர் என்று தனிச் சொல் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். சி ஷார்ப்பில் விலை இஸ் நல். பிஎச்பியில் எம்ப்டி() பக்கம் போகும்போது எச்சரிக்கை தேவை; "0" என்ற சரத்தையும் அது காலி என்கும். கோ மொழியில் பெயர் நில். நில் ஆன மேப்பை (பெயரும் மதிப்புமாக ஜோடி வைக்கும் பெட்டி) படிக்கலாம், அதில் எழுதினால் விழும்.

காட்லினும் ரஸ்டும் வேறு வழியில் போகின்றன. காட்லினில் ஸ்டிரிங் என்றால் நல் வரவே முடியாது. வரலாம் என்றால் ஸ்டிரிங்? என்று கேள்விக்குறியோடு அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால், கேட்காமல் தொட நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) விடாது. இரண்டு ஆச்சரியக்குறி (!!) போட்டு அதன் வாயை அடைக்கலாம், அடைத்தால் பழைய கதைதான். ரஸ்டில் வழக்கமான நிரலில் நல்லே கிடையாது. இருக்கிறது, இல்லை என்ற இரண்டையும் ஆப்ஷன் வகையாகப் பிரித்து இரண்டுக்கும் பதில் எழுத வைக்கும். அன்ராப்() போட்டு ஏமாற்ற அங்கேயும் வழி உண்டு.

மூன்றாம் படி: எங்கே கேட்பது

இருபது இடத்தில் கேட்காதீர்கள். கூடை கடைக்குள் நுழையும்போதே எடை போடுவதுபோல, தரவு நிரலுக்குள் நுழையும் இடத்தில் ஒருமுறை கேளுங்கள்: படிவம், கோப்பு, வெளி நிரல்களிடமிருந்து ஜேசான் வடிவில் வரும் தரவு. தரவுத்தளத்தில் கண்டிப்பாக வேண்டிய நெடுவரிசைக்கு நாட் நல் போடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிடவும் கூடாது. 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்து, நிரப்பாமல் நகரவிடாத படிவங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. என்ன செய்வார்கள்? ஒரு புள்ளி வைப்பார்கள், கோடு போடுவார்கள், தங்கள் பெயரையே இரண்டாம் முறை எழுதுவார்கள். உங்கள் நாட் நல் சோதனையில் அந்தப் புள்ளி தேறிவிடும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடித்து வருவதும் இந்த வகைதான். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. உண்மையான காலியை அனுமதித்துவிட்டால், பொய்யான நிரப்பலைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

நான்காம் படி: கண்டுபிடித்த பிறகு

நான்கே வழிகள்தான்: நிறுத்துவது, தாண்டிப் போவது, வேறு மதிப்பால் நிரப்புவது, ஆளிடம் கேட்பது. விவசாயிக்குத் தரவேண்டிய தொகை நல் என்றால் நிறுத்துங்கள். சராசரிக்கு ஒரு நாள் விலை இல்லையென்றால் தாண்டுங்கள், எத்தனை நாள் தாண்டினீர்கள் என்பதையும் பக்கத்தில் அச்சிடுங்கள். நிரப்புவது, உண்மையிலேயே அந்த மதிப்புதான் பொருள் என்னும்போது மட்டும்; தள்ளுபடி எழுதவில்லை என்றால் தள்ளுபடி 0 என்பது கடையின் வழக்கமாக இருந்தால் நிரப்பலாம். பிழையைப் பிடித்து ஓசையில்லாமல் விழுங்கும் டிரை-கேட்ச் இந்த நான்கில் சேராது.

ஐந்தாம் படி: உடைத்துப் பாருங்கள்

எழுதிய சோதனைக்குள் இவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள்: நல், வெற்றுச் சரம், ஓர் இடைவெளி மட்டும் உள்ள சரம், 0, "0" என்ற சரம், ஒரு கோடு, "நல்" என்று ஆங்கில எழுத்தில் தட்டிய சொல், கட்டமே இல்லாத வரிசை. எதற்கு என்ன விடை வரவேண்டும் என்று முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஓட்டுங்கள். ஓடியபின் எழுதினால் வந்த விடையே சரி என்று தோன்றிவிடும்.

மாமா கடை அறிக்கையில் மழை நாளின் கட்டத்தில் இப்போது 'வரத்து இல்லை' என்று அச்சாகிறது. பையன் எழுத மறந்த நாளுக்கு 'கேட்கவும்' என்று அச்சாகிறது. அது கண்ணில் பட்டதும் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைக் கூப்பிடுகிறார்.